கூடத்தில் ஐம்பத்தேழு பேர், ஆய்வகத்தில் ஒருவர்

இந்த அறைக்குள் வந்ததும் நான் முதலில் செய்தது உங்களை எண்ணியதுதான். தவறாக நினைக்காதீர்கள், பழக்கம். அதிகாரிகள் மூன்று பேர், தட்டச்சு செய்கிற அம்மா ஒருவர், ஆக நான்கு. எதிரே நான் ஒருவன். ஒரே ஆளை நான்கு பேர் கவனிப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் தெரியுமா? எங்கள் கல்லூரியில் மூன்று வருடம் படித்த பிள்ளைக்கு இதில் கால்வாசிகூடக் கிடைத்திருக்காது. என் மனைவி சொல்வாள், "போற இடத்துல எல்லாம் தலையை எண்ணிக்கிட்டு நிக்காதீங்க, புள்ள பிடிக்க வந்த ஆளுன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்று.

மெதுவாகவே சொல்கிறேன். அந்த அம்மா தட்டச்சு செய்ய வசதியாக இருக்கும்.

நான் கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருடமாக ஆசிரியர் பதிவேடு என் கையில் இருக்கிறது. யார் சேர்ந்தார், யார் போனார், யார் எத்தனை நாள் விடுப்பில் இருந்தார், எல்லாம் எனக்குத் தெரியும். சான்றிதழைக் கையில் கொடுத்தால் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன், அப்புறம்தான் உட்காரச் சொல்வேன். சந்தேகப்படுவது கெட்ட குணம் என்கிறார்கள். எங்கள் வேலையில் அதுதான் மூலதனம். நீங்களும் அதே தொழில்தானே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விதி சுலபமானது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். எங்களிடம் ஆயிரத்து நூற்று அறுபது பேர் படித்தார்கள். வகுத்தால் ஐம்பத்தெட்டு வரும். நிஜமாகச் சாக்பீஸ் பிடித்தவர்கள் முப்பத்தாறு பேர். மீதி இருபத்திரண்டு பேரும் என் பதிவேட்டில்தான் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வருகை உண்டு, தாமத வருகை உண்டு, தற்செயல் விடுப்பு உண்டு. ஒருவருக்கு நெஞ்சுவலி வரவழைத்து மூன்று வாரம் மருத்துவ விடுப்புகூடக் கொடுத்தேன். இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் உடம்புக்கு வரவில்லை என்றால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வருமா வராதா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் கல்லூரியில் அந்தச் சுரைக்காயை வைத்துத்தான் வருடா வருடம் விருந்தே நடந்தது. அங்கீகாரத்துக்காக ஆசிரியர்களை எண்ணிப் பார்க்க ஆய்வுக்குழு வருகிற அன்று, இந்த இருபத்திரண்டில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் சான்றிதழோடு வந்து கூடத்தில் உட்காருவார்கள். எண்ணி முடித்ததும் போய்விடுவார்கள். ஒருவர் மருந்துக் கடை வைத்திருந்தார், இன்னொருவர் வேறொரு கல்லூரியில் வேலை பார்த்தார். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முதல்வருக்குத் தெரியுமா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, "எல்லாம் சரியா இருக்கா?" என்பார். "இருக்கு சார்" என்பேன். அத்தோடு முடிந்தது. உங்கள் மேஜையில் அவர் பெயர் போட்ட கோப்பு தடிமனாக இருப்பதைப் பார்த்தேன். சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. தன் ஆசிரியர்களில் பத்துப் பேருடைய முகம்கூட அந்த மனிதருக்குத் தெரியாது. இத்தனை வருட வேலையைத் தூக்கி அவர் தலையில் கட்டுகிறீர்களே என்று வருத்தமாகவும் இருந்தது. நான் இன்று பேச ஒப்புக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி ஒரிஜினல் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தப் பெயரை வைத்தது எங்கள் அலுவலகம்தான். வேதியியல் பாடத்துக்கு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். நான்கு மாதம் வேலை பார்த்தார், பிரசவத்துக்காக நின்றுவிட்டார். சேரும்போது எல்லாரிடமும் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் கல்லூரி வழக்கம். பாதியில் விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. அவர் பாதியில் போனார், அதனால் நான் கொடுக்கவில்லை. சான்றிதழ் என்னிடம் இருக்கும்வரை ஆசிரியரும் என்னிடம் இருக்கிறார் என்றுதான் கணக்கு.

மூன்று வருடம் மாதம் தவறாமல் வந்தார். "சார், என் ஒரிஜினல்..." என்று ஆரம்பிப்பார். நான் நாற்காலி போடச் சொல்வேன், தண்ணீர் கொடுக்கச் சொல்வேன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. முதல்வர் ஊரில் இல்லை என்பேன், கையெழுத்தாகவில்லை என்பேன், அடுத்த மாதம் என்பேன். சில நாள் மகளையும் தூக்கிக்கொண்டு வருவார். அந்தக் குழந்தை என் மேஜையில் இருந்த ரப்பர் முத்திரையைத் தன் கையில் குத்திக்கொண்டு விளையாடும். நான் தடுத்ததே இல்லை. மற்ற இருபத்தோரு பேரும் விஷயம் தெரிந்து வருகிறவர்கள். தன் பெயர் பதிவேட்டில் ஓடிக்கொண்டிருப்பது தெரியாத ஒரே ஆள் இவர்தான். ஆய்வுக்குழு வரும் வருடங்களில் இவர் மகப்பேறு விடுப்பில் இருப்பதாகக் காட்டிவிடுவேன். குழந்தைக்கு மூன்று வயதான பிறகு அது செல்லாது.

அந்த வருடக் குழுத் தலைவர் வேறு மாதிரியான ஆள். கையில் பென்சில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகத் தானே எண்ணுவார். விடுப்புக் கடிதத்தை நீட்டினால், "கடுதாசி வந்திருக்கு சரி, ஆளு உயிரோட இருக்காரான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்பாராம். பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அங்கே மூன்று ஆள் குறைந்ததற்கு அறுபது மாணவர் இடத்தை வெட்டிவிட்டுப் போயிருந்தார். எங்களுக்கு அறுபது இடம் போனால் அடுத்த வருடம் கதவைச் சாத்த வேண்டியதுதான். முப்பத்தாறு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். இதை நான் சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே பயந்தேன்.

அதனால் ஒரிஜினல் மேடத்துக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலையில வாங்கம்மா, சான்றிதழை வாங்கிக்கலாம். ஒரு சின்ன ஃபார்மாலிட்டி, கூடத்துல அரைமணி நேரம் உக்காரணும், அவ்வளவுதான்" என்றேன். அவர் அழுதுவிட்டார். "ரொம்ப நன்றி சார், நீங்க நல்லா இருக்கணும்" என்றார். மறுநாள் ஒன்பது நாற்பதுக்கு வாசல் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதி உள்ளே வந்தார்.

கூடத்தில் அவருக்கான நாற்காலியில் ஒரு அட்டை வைத்திருந்தேன். பெயர், பதவி, மூன்று வருட அனுபவம் என்று அச்சடித்த அட்டை. அதைக் கையில் எடுத்து இரண்டு முறை படித்தார். பிறகு நேரே என் மேஜைக்கு வந்தார்.

"மூணு வருஷமா நான் இங்க வேலை பாக்கறேனா சார்?"

"அது ஒரு பதிவுக்காகம்மா."

"போன இடத்துல எல்லாம், நீங்க ஏற்கனவே ஒரு காலேஜ்ல இருக்கீங்க, எடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பினாங்க. என்னமோ தப்பா பதிவாயிருக்குன்னு நான் உங்ககிட்டயே வந்து சொன்னேன். பாத்து சரி பண்றேன்னு சொன்னீங்களே."

நான் கூடத்தில் இருந்த நாற்காலியைக் கை காட்டினேன். அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "உக்கார மாட்டேன். யாருகிட்ட சொல்லணுமோ அங்க போய்ச் சொல்றேன். உங்களை விட மாட்டேன்" என்று கத்திவிட்டு வெளியே போனார். கோபத்தில் வாசல் பதிவேட்டில் போகும் நேரத்தை எழுதவில்லை. பத்துப் பத்து இருக்கும். காவலாளி வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்ததால் அவர் போனதைப் பார்க்கவில்லை.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். என் ஏற்பாட்டின்படி கூடத்தில் ஐம்பத்தேழு பேர், வேதியியல் ஆய்வகத்தில் ஒருவர். ஓர் ஆய்வகமாவது நடந்துகொண்டிருப்பதைக் குழு பார்க்க வேண்டும் என்பதற்காக ஆய்வக வகுப்பு எடுக்கிற வேதியியல் ஆசிரியரை, லேப் சார் என்போம், அவரை மட்டும் அங்கே விட்டிருந்தேன். மேடம் போனதும் கூடத்தில் ஐம்பத்தாறு பேர் ஆகிவிட்டது. குழுவின் கார் பத்தரைக்கு வாசலுக்கு வந்துவிட்டது.

நான் ஆய்வகத்துக்குப் போனேன். முப்பத்தொரு மாணவர்கள் இருந்தார்கள். லேப் சாரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"கூடத்துல ஒரு ஆள் குறையுது, வாங்க."

"சூடு பண்ணிக்கிட்டு இருக்காங்க சார். இப்ப எப்படி விட்டுட்டு வர்றது?"

"பத்தே நிமிஷம்."

"யாராவது ஒருத்தர் இங்க நிக்கட்டுமே."

"நிக்கறதுக்கு ஆள் இருந்தா உங்களை ஏன் கூப்பிடறேன்?"

அவருக்கு இரண்டு பெண்கள், வீட்டுக் கடன் வேறு. பிள்ளைகளிடம் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் ஆய்வகப் பதிவேட்டில் பொறுப்பாசிரியர் என்ற கட்டத்தில் லேப் சார் பெயரை அடித்துவிட்டு ஒரிஜினல் மேடத்தின் பெயரை எழுதி, அவர் கையெழுத்தையும் போட்டேன். மூன்று வருடமாக அவருக்காகப் போட்டுப் பழகிய கையெழுத்து. அவரே போட்டால்கூட அவ்வளவு சீராக வராது. கதவைச் சாத்தினேன். கூடத்துக்குத் திரும்பினேன்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயரை நான் எழுதியது தீ விபத்துக்கு முன்னால். அவரை மாட்டிவிட வேண்டும் என்று எழுதவில்லை. எண்ணிக்கைக்காக எழுதினேன்.

தலைவர் வராந்தா வழியாக வந்தார். ஆய்வகத்தைக் காட்டி, "உள்ள யாரு?" என்றார். "மேடம் இருக்காங்க சார், பிராக்டிகல் நடக்குது. புகை நெடி வெளிய வரக் கூடாதுன்னு கதவைச் சாத்தி வச்சிருக்கோம்" என்றேன். உள்ளே பிள்ளைகளின் பேச்சுக் குரல் கேட்டது. பதிவேட்டைப் பார்த்தார், வாசல் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் ஒத்துப் பார்த்தார். மேடம் வந்த நேரம் அதில் இருந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தேகம் போய்விட்டது. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஒரு மாணவன் எரிகிற பர்னருக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டிலைச் சாய்த்திருக்கிறான். மீதி உங்கள் அறிக்கையில் இருக்கிறது. முன்கதவு திறக்கவில்லை. ஜன்னல்களில் கம்பி. பின்கதவு அடுத்த அறைக்குப் போகிறது, அங்கே வரிசையாக இரும்பு பீரோக்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பீரோ இருக்க வேண்டும் என்பது விதி, இருபத்திரண்டு பீரோக்களை வைக்க வேறு இடமில்லை. பிள்ளைகள் முட்டி மோதி அவற்றைத் தள்ளிச் சாய்த்திருக்கிறார்கள். இருபத்தேழு பேர் அந்த வழியாக வந்தார்கள், நான்கு பேர் வரவில்லை. அந்த பீரோக்கள் காலியாக இருந்ததால்தான் சாய்ந்தன என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நிஜ ஆசிரியர்களின் புத்தகங்கள் உள்ளே இருந்திருந்தால் அசைந்திருக்காது.

அன்று முதலில் விசாரிக்க வந்த அதிகாரி உங்களைப் போல் இல்லை, அவசரக்காரர். அவருக்கு எல்லாம் தானாகவே பொருந்தியது. பொறுப்பாசிரியர் யார்? பதிவேட்டில் இருக்கிறது. கல்லூரிக்குள் வந்தாரா? வாசலில் எழுதியிருக்கிறார். கோபத்தில் இருந்தாரா? விட மாட்டேன் என்று கத்தியதை அலுவலகமே கேட்டது. கதவைப் பூட்டியது யார்? பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்று எழுதினார். உயிர் பிழைத்த பிள்ளைகள் மேடத்தைப் பார்க்கவே இல்லை என்றார்கள். பயத்தில் குழம்பிப் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். லேப் சாரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "நீங்க கூடத்துல இருந்ததைக் குழுவே பாத்திருக்கு. எதுக்கு வாயைத் திறக்கறீங்க?" அவர் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

என்னிடம் கேட்டார்கள். மேடம் சாவி கேட்டார், கொடுத்தேன் என்றேன். எண்ணிப் பார்த்தால் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான். மீதியெல்லாம் பதிவேடுகள் சொன்னவை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அவர் சிறைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. குழந்தை மாமா வீட்டில் இருக்கிறதாம். அந்த மாமா, மேடத்தின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அவர்தான் முதன்முதலில் என்னைச் சந்தேகப்பட்ட ஆள். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

"சாவி வாங்கினா எழுத ஒரு நோட்டு வச்சிருக்கீங்களே, அதுல என் தங்கச்சி கையெழுத்து இல்லையே?"

"அவசரத்துல எழுத மறந்துட்டாங்க."

"நானும் அந்த நோட்டைப் புரட்டிப் பாத்தேன். இத்தனை வருஷத்துல யாராவது எழுத மறந்தது அந்த ஒரு தடவைதானா சார்?"

 என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயம் என்று நினைக்காதீர்கள், வெட்கம். அவர் சொன்னது சரி, அந்த நோட்டில் அது ஓர் அசிங்கமான காலியிடம். என் வேலையில் அப்படி விட்டதே இல்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. அன்றைக்குக் கல்லூரியிலிருந்து நேரே மகளின் மழலையர் பள்ளிக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன் என்று மேடம் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்காரர்கள் பழைய நோட்டு எதுவும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அண்ணன் விடவில்லை. எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த காகிதக் கட்டுகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார். கடைசியில் கிடைத்துவிட்டது. பத்து நாற்பதுக்குக் குழந்தையை அழைத்துச் சென்றதாக மேடத்தின் கையெழுத்து. அதை நேற்று என் முன்னால் வைத்தீர்கள். பார்த்ததுமே அசல் என்று தெரிந்துவிட்டது. நான் போடுவதைவிடக் கொஞ்சம் கோணலாக இருந்தது.

ஆக அவர் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து யார் என்று முதல்வரைச் சந்தேகப்படுகிறீர்கள், லேப் சாரைச் சந்தேகப்படுகிறீர்கள். லேப் சார் நாளைக்கு வந்தால் அழுதுகொண்டே எல்லாவற்றையும் குழப்பிச் சொல்வார். அதற்கு முன்னால் ஒழுங்காக ஒருவர் சொல்லிவிடுவது நல்லது. கதவைச் சாத்தினேன் என்று சொன்னேன் அல்லவா? பூட்டவும் செய்தேன். பூட்டு கதவுக்குள்ளேயே பதிந்தது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. யாராவது ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து, "சார் எங்கே?" என்று தலைவர் எதிரில் கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான். மேடம் அந்த நாற்காலியில் அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது என்பதை அவரிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சத்தம் கேட்டதா என்று மூன்றாவது முறை கேட்கிறீர்கள். உங்கள் அறிக்கையில், கூடத்துக்குச் சத்தம் எட்டவில்லை என்று இருக்கிறது. அது நான் சொன்னதுதான். மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். எட்டியது.

முதலில் பெஞ்சை இழுப்பது போல. பிறகு கதவில் பல கைகள். நான் வாசலை ஒட்டி நின்றிருந்ததால் எனக்கு நன்றாகக் கேட்டது. தலைவர் அப்போது நாற்பத்தொன்றில் இருந்தார். பென்சிலை நிறுத்திவிட்டு, "என்ன சத்தம்?" என்றார். "பக்கத்துல மேஜை ரிப்பேர் நடக்குது சார், நீங்க பாருங்க" என்றேன். எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கிற மனிதர் அவர். சான்றிதழையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே மெதுவாக எண்ணினார். ஐம்பத்தேழு வந்தது. "லேப்ல ஒருத்தர் சார்" என்றேன். ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் நான் சாவியை எடுத்துக்கொண்டு வராந்தாவில் இரண்டு அடி வைத்தேன். அதற்குள் தட்டுவது நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் ஒருவழியாக அடங்கிவிட்டார்கள் என்று நினைத்து, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.